எங்க அப்பா, உங்க 'சார்': நினைவுக் கூட்டத்துல என்ன பேசறது?

கடைக்குட்டி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா போன மாசம் தவறிட்டாரு. இங்க நிறைய பேருக்கு அவரைத் தெரியும், பொதுவுல பேரு போட வேண்டாம்னு அம்மா சொல்றாங்க, அதனால நீங்க கூப்பிட்ட மாதிரியே 'சார்'னு வச்சுக்குவோம். அவருக்காக ஒரு நினைவுக் கூட்டம் வைக்கிறோம், குடும்பத்து சார்பா நான் பேசணும். அண்ணன் ஒரு தாள் தயார் பண்ணிருக்கான். மொத்த பறக்கும் நேரம், ஓட்டின விமான வகைகள், ஏர்லைன்ல இருந்த வருஷம், அதை விட்டுட்டு இன்ஸ்ட்ரக்டரா இருந்த வருஷம், கடைசி வரில அன்பான கணவர் பாசமான தந்தை. எல்லாம் உண்மைதான், ஆனா படிச்சுப் பாத்தா அப்பா அதுல இல்ல. நாங்க பாத்தது வீட்ல இருந்த ஆளை. காக்பிட்ல பக்கத்துல உக்காந்து பாத்தவங்க நீங்க. அங்க எப்படி இருந்தாருன்னு சொல்லுங்களேன். நல்லதா மட்டும்தான் இருக்கணும்னு இல்ல, கோவம் இருந்தாலும் சொல்லுங்க, நான் கேக்கத் தயாரா இருக்கேன்.

வால்காற்று:
மனசு ரொம்ப கனமா இருக்கும்மா. விஷயம் தெரிஞ்சதுல இருந்து எனக்கு வேற நினைப்பே இல்ல.

சாரைப் பத்தி யாராச்சும் கேட்டா எனக்கு முதல்ல அவர் கைதான் ஞாபகம் வரும். வலது சீட்ல உக்காந்து ரெண்டு கையையும் முட்டி மேல வச்சிருப்பாரு. லேண்டிங் கத்துக்கற கட்டத்துல பல இன்ஸ்ட்ரக்டருங்க கை யோக் (விமானத்தோட ஸ்டீயரிங் மாதிரி) பக்கத்துலயே இருக்கும், சில பேரு நமக்கே தெரியாம லேசா ஒரு தொடு தொட்டு சரி பண்ணிடுவாங்க, நாம ஆஹா நல்லா இறக்கிட்டோம்னு சந்தோஷப்படுவோம் ஆனா இறக்கினது அவங்க, அடுத்த தடவை ஏன் வரலைன்னு நமக்குப் புரியவே புரியாது. சார் அதை செய்யவே மாட்டாரு. "நான் தொட்டா சொல்லிட்டுத் தொடுவேன். சொல்லலைன்னா அது முழுக்க உன் லேண்டிங், நல்லதோ கெட்டதோ"ன்னு முதல் நாளே சொல்லிட்டாரு. நான் ரன்வேயை மூக்குக்கு முன்னாடி பாத்துக்கிட்டே வருவேன், தரை வேகமா வர்ற மாதிரி தெரியும், பயத்துல சீக்கிரமே இழுத்துடுவேன், விமானம் மறுபடி மேல மிதக்கும். அப்பவும் அவர் கை முட்டியிலதான். "ரன்வேயோட அந்தக் கடைசி முனையைப் பாரு, அந்த முனையைப் பாரு" அவ்வளவுதான் சொல்லுவாரு. குரல் கூட மாறாது. கோ-அரவுண்ட் போய், அதாவது இறங்காம மறுபடி மேல ஏறி, திரும்ப வருவோம்.

முதல் சோலோ அன்னிக்கு, அதாவது நான் முதல் தடவை தனியா ஓட்டின அன்னிக்கு, முன்கூட்டி ஒண்ணும் சொல்லல. தரையில டாக்சி பண்ணி ஓட்டிட்டு வரும்போது நிறுத்தச் சொன்னாரு, பெல்ட்டைக் கழட்டினாரு, அந்த பெல்ட்டை காலி சீட்ல திரும்ப மாட்டி இறுக்கினாரு, ஹெட்செட்டை ஒழுங்கா சுத்தி வச்சாரு. அப்புறம் சொன்னாரு: "என் எடை இல்லாம சீக்கிரம் மேல ஏறும், இறங்கும்போது வழக்கத்தை விட கொஞ்சம் மிதக்கும். பயப்படாத. விமானத்துக்கு ஒண்ணும் ஆகல, நான் இல்ல, அவ்வளவுதான்." கதவை சாத்திட்டுத் திரும்பிப் பாக்காம நடந்து போயிட்டாரு. இப்ப நான் அந்த வாக்கியத்தை தினமும் நினைச்சுக்கறேன்.

ரன்வே27:
தங்கச்சி, என் அனுதாபங்கள். ஒரு விஷயத்துல மட்டும் மாறுபடறேன். பறக்கும் நேரத்தை பயோடேட்டான்னு ஒதுக்கிடாதீங்க. அந்த எண் வெறும் எண் இல்ல, ஆனா கூட்டத்துல இருக்கறவங்களுக்கு அது என்னன்னு யாராவது விளக்கணும்.

ஏர்லைன்ல நாலு மணி நேரம் பறந்தா ஒரு டேக்-ஆஃப் ஒரு லேண்டிங், அதுலயும் ரெண்டு பைலட்ல ஒருத்தர்தான் இறக்குவாரு. பயிற்சி விமானத்துல ஒரு மணி நேரம் சர்க்யூட் அடிச்சா, அதாவது ஏறி ஒரு சுத்து சுத்தி அதே ரன்வேயில இறங்கிட்டே இருந்தா, ஆறு ஏழு லேண்டிங் வரும். அத்தனையும் எப்படி இறக்கறதுன்னு இன்னும் தெரியாத ஒருத்தர் கையால நடக்கும், அதை ஒருத்தர் பக்கத்துல அமைதியா உக்காந்து பாத்துட்டு இருக்கணும். செஸ்னா 152ல தோளோட தோள் இடிக்கும், ஏசி கிடையாது, வெயில்ல சூடு ஏறினா காத்து குலுக்கற குலுக்குல மதியத்துக்குள்ள உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி ஆயிடும். அப்படி சேர்ந்த மணி நேரம் அது. அண்ணன் எழுதின எண்ணை வச்சுக்கோங்க, ஆனா பக்கத்துல இதையும் சொல்லுங்க.

குறடு:
நான் பைலட் இல்ல, மெயின்டெனன்ஸ் ஆளு. அதனால வேற பக்கத்தை சொல்றேன்.

பறக்கறதுக்கு முன்னாடி டாங்க்ல இருந்து கொஞ்சம் பெட்ரோல் இறக்கி தண்ணி இருக்கான்னு பாக்கணும், தண்ணி கனம் அதிகம்னால அடியில தங்கும். மாணவன்தான் பண்ணணும், சார் பக்கத்துல நிப்பாரு. அந்த நீல கலர் எரிபொருளை (100எல்.எல். நீலமாதான் இருக்கும்) வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சு என்ன தெரியுதுன்னு கேப்பாரு. 'ஓகே சார்'னு சொன்னா விட மாட்டாரு, என்ன பாத்தேன்னு சொல்லணும். கலர் என்ன, அடியில குமிழ் இருக்கா, தூசி இருக்கா. இதை நூறு தடவை பண்ணவனும் அவர் முன்னாடி பண்ணா வாய் விட்டு சொல்லணும்.

இன்னொண்ணு. ஒரு தடவை, பறக்கறதுக்கு முன்னாடி எஞ்சினை ஓட்டிப் பாக்கற ரன்-அப்ல, செஸ்னா 172 ஒண்ணு மேக்னட்டோ (ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கறது) செக்ல சரியா வரல, இடது வலதுக்கு நடுவுல 50 ஆர்.பி.எம்.க்கு மேல வித்தியாசம். நான் நிறுத்துங்கன்னேன். நிர்வாகத்துல ஒருத்தர், அன்னிக்கு பசங்க வரிசையா காத்திருக்காங்க, நேத்து நல்லாத்தானே இருந்துச்சு, ப்ளக் அழுக்கா இருக்கும் ஓட்டினா சரியாயிடும்னு என்னைப் போட்டு அழுத்தினாரு. நான் அப்ப சின்னப் பையன், வேலைக்கு சேர்ந்து கொஞ்ச நாள்தான். சார் சண்டை எல்லாம் போடல. சாவியை எடுத்து என் கையில கொடுத்துட்டு, மாணவங்க எல்லாரையும் எஞ்சின் கவுலிங் (எஞ்சின் மூடி) பக்கத்துல கூட்டிட்டு வந்து, "இன்னிக்கு கிளாஸ் இவர் எடுப்பாரு"ன்னாரு. மேக்னட்டோ எப்படி வேலை செய்யுது, ஏன் ரெண்டு வச்சிருக்காங்க, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஏன் ரெண்டு ப்ளக், எல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அவர் பின்னாடி நின்னு கேட்டுட்டு இருந்தாரு. அதுக்கப்புறம் அந்த ஹேங்கர்ல யாரும் என்னை அழுத்தினது இல்ல. வீட்ல இதை சொல்லிருப்பாருன்னு தோணல. அதான் எழுதினேன்.

கடைக்குட்டி:
குறடு அண்ணா, சொன்னதே இல்ல. அம்மாவுக்கும் தெரியாது, இப்பதான் படிச்சுக் காட்டினேன்.

வால்காற்று அண்ணா சொன்னதைப் படிச்சதும் வீட்ல ஒரு பழக்கம் இருந்துச்சே அது ஞாபகம் வந்துச்சு. என் பையன் பிறந்தப்ப குழந்தையைக் கை மாத்தணும்னா அப்பா ஒரு முறை வச்சிருந்தாரு. கொடுக்கறவங்க "உன்கிட்ட"ன்னு சொல்லணும், வாங்கறவங்க நல்லா பிடிச்சதுக்கு அப்புறம் "என்கிட்ட"ன்னு சொல்லணும், கொடுத்தவங்க திரும்ப "உன்கிட்ட"ன்னு சொல்லிட்டுத்தான் கையை எடுக்கணும். வந்த சொந்தக்காரங்க எல்லாம் சிரிப்பாங்க. எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் இது காக்பிட்ல கன்ட்ரோல் மாத்தற முறைன்னே தெரிஞ்சுது. சூடான பாத்திரத்துக்கும் அதே, கத்திக்கும் அதே.

இடது_இருக்கை:
நான் சார்கிட்ட படிச்சவ, இப்ப ஏர்லைன்ல கேப்டன். கொஞ்சம் கடினமா ஒண்ணு சொல்லப் போறேன், தப்பா எடுத்துக்காதம்மா.

சாரைப் பத்தி யார் பேசினாலும் "குடும்பத்துக்காக ஏர்லைனையே விட்டாரு பாருங்க"ன்னு ஆரம்பிக்கறாங்க. அது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். ஏர்லைன்ல எல்லாமே சீனியாரிட்டி நம்பர், எந்த ஊர் பேஸ், எந்த விமானம், எந்த ரோஸ்டர் (டியூட்டி அட்டவணை), பண்டிகைக்கு லீவு யாருக்கு, எல்லாம் சேர்ந்த தேதியை வச்சு. விட்டுட்டுப் போனா அந்த நம்பர் போச்சு, திரும்பி வந்தா கடைசி ஆளா நிக்கணும். ஆனா அதை 'தியாகம்'னு மேடையில சொன்னா, விடாம இன்னும் பறந்துட்டு இருக்கற நாங்க எல்லாம் குடும்பத்தை நேசிக்காதவங்கன்னு ஆகுது. என் பொண்ணு பிறந்தநாளுக்கு நான் எங்கயோ ஒரு ஹோட்டல் ரூம்ல தூங்க முயற்சி பண்ணிட்டு இருப்பேன். ஃபோன்ல பேசிட்டு அழுதிருக்கேன். நானும் அம்மாதான். சார் எனக்கு ஒருநாளும் வேலையை விடுன்னு சொன்னதில்ல. ரோஸ்டர் வந்ததும் குடும்பத்தோட உக்காந்து பாரு, நீ இல்லாத நாளை அவங்களுக்கு முன்னாடியே சொல்லு, சொன்ன நேரத்துக்கு ஃபோன் பண்ணு, இதைத்தான் சொன்னாரு.

அவர் கிரவுண்ட் கிளாஸ்ல ரெண்டு விபத்தை எப்பவும் ஜோடியா எடுப்பாரு. ஒண்ணு 1977 மார்ச் 27, டெனரிஃப், ரெண்டு ஜம்போ ஜெட் ரன்வேயில மோதி 583 பேர் போனாங்க. பனிமூட்டத்துல, அனுமதி வராமலே டேக்-ஆஃப் ஆரம்பிச்ச கே.எல்.எம். (நெதர்லாந்து ஏர்லைன்) கேப்டன் அந்த கம்பெனியோட பெரிய ட்ரெயினர், எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கறவர். எதிர்ல இருக்கற விமானம் இன்னும் ரன்வேயை விட்டுப் போகலையோன்னு ஃப்ளைட் எஞ்சினியர் கேட்டாரு, அது எடுபடல. இன்னொண்ணு 1989 ஜூலை 19, யுனைடெட் 232. டி.சி.-10 வால் எஞ்சின்ல ஃபேன் டிஸ்க் உடைஞ்சு, விமானத்தைத் திருப்பற பாகங்களை அசைக்கற மூணு ஹைட்ராலிக் சிஸ்டமும் போச்சு, எந்த கன்ட்ரோலும் வேலை செய்யல. டென்னி ஃபிட்ச்னு ஒரு ட்ரெயினிங் பைலட் பயணியா உள்ள உக்காந்திருந்தாரு. 1985ல ஜப்பான்ல 520 பேர் செத்த விபத்துக்கு அப்புறம், ஹைட்ராலிக் இல்லாம த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கற பிடி) மட்டும் வச்சு ஓட்ட முடியுமான்னு சிமுலேட்டர்ல பழகிப் பாத்தவர். உதவட்டுமான்னு கேட்டு அனுப்பினாரு. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் உடனே வரச் சொல்லி த்ராட்டிலை அவர் கையில கொடுத்துட்டாரு. சியூ சிட்டில இறங்கும்போது உடைஞ்சுது, ஆனா 296 பேர்ல 184 பேர் பிழைச்சாங்க.

சார் கேக்கறது ஒரே கேள்வி. "ரெண்டு கேப்டனுக்கும் திறமை இருந்துச்சு. என்ன வித்தியாசம்?" பதிலை அவர் சொல்ல மாட்டாரு, நாங்க பேசிப் பேசி வரணும். இன்னிக்கும் புது ஃபர்ஸ்ட் ஆஃபீசர் (துணை பைலட்) யார் வந்தாலும் பிரீஃபிங்ல நான் சொல்றது, நான் தப்பு பண்றேன்னு தோணினா உறுதியா தெரியறவரைக்கும் காத்திருக்காத, சந்தேகமா இருக்கும்போதே சொல்லுன்னு. இது சாரோட வகுப்புல இருந்து வந்தது. அதைப் பேசும்மா. தியாகத்தைப் பேசாத.

ரன்வே27:
இடது_இருக்கை மேடம், உங்க வலி புரியுது. ஆனா அவர் செஞ்சதை அப்படியே சொல்றது உங்களைக் குத்தறதுக்கு இல்லையே. அந்தக் காலத்துல கூட வேலை பாத்தவங்க அவரை பைத்தியமான்னு கேட்டாங்க. வைட்-பாடிக்கு, அதாவது பெரிய ரக விமானத்துக்கு, போக வேண்டிய ஆளு, திரும்ப ரெண்டு சீட்டு விமானத்துக்கு வந்து உக்காந்தாரு. அதை மறைச்சா அவர் வாழ்க்கையில பாதியை மறைச்ச மாதிரி.

கடைக்குட்டி:
ரெண்டு பேருக்கும் நன்றி, இதை அம்மாகிட்டயே கேட்டேன், நேத்து ராத்திரி ரொம்ப நேரம் பேசினோம்.

அம்மா சொன்னது எனக்கே புதுசு. அப்பா ஏர்லைனை விடறதா சொன்னப்ப அம்மாவுக்கு அதுல சம்மதம் இல்லையாம். அம்மா பயந்தது பணத்துக்கு இல்ல. எங்களுக்காக விட்டேன்னு என்னைக்காவது ஒரு நாள் சொல்லிடுவாரோன்னு. "பசங்க தலையில அந்தப் பாரத்தை ஏத்தறதா இருந்தா விடாதீங்க, நான் தனியா சமாளிச்சுக்கறேன்"னு சொல்லிருக்காங்க. அப்பா ரெண்டு நாள் பதில் பேசாம இருந்துட்டு, "எனக்கு சொல்லிக் கொடுக்கப் பிடிச்சிருக்கு, ராத்திரி வீட்டுக்கு வரவும் பிடிச்சிருக்கு, ரெண்டும் எனக்காகத்தான்"னு சொல்லிருக்காரு. அந்த வார்த்தையைக் கடைசி வரைக்கும் காப்பாத்தினாரு. நான் கல்லூரியில ஒரு பேப்பர் போயி அழுதுட்டு நின்னப்பவும் சரி, அண்ணன் பறக்கவே மாட்டேன், எனக்கு வரலாறுதான் படிக்கணும்னு அடம் பிடிச்சப்பவும் சரி, உங்களுக்காக நான் என்னல்லாம் விட்டேன் தெரியுமான்னு ஒரு வார்த்தை வந்ததில்ல. அது எவ்வளவு பெரிய விஷயம்னு நானும் பெத்தவளா ஆனதுக்கு அப்புறம்தான் உறைக்குது.

அதனால மேடம் சொன்னது சரி, தியாகம்ங்கற வார்த்தை என் பேச்சுல வராது. ஆனா ரன்வே அண்ணா சொன்னதும் விடல, அவர் விட்டாருன்னு சொல்வேன், தனக்குப் பிடிச்சுத்தான் விட்டாருன்னு சேர்த்து சொல்வேன்.

மேகமூட்டம்:
சின்னதா ஒண்ணு. 178 நொடி. சார் மாணவங்க எல்லாருக்கும் இந்த எண் தெரியும். 1954ல இல்லினாய் பல்கலைக்கழகத்துல ஒரு ஆராய்ச்சி, கருவிகளை மட்டும் பாத்து ஓட்டற பயிற்சி இல்லாத 20 பேரை, வெளிய எதுவும் தெரியாத நிலைமையில ஓட்ட விட்டாங்க. 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தாங்க, சராசரியா 178 நொடியில. சார் நமக்கு வெளிய தெரியாம மறைக்கற ஹுட் மாட்டி விட்டு கையில ஸ்டாப்வாட்ச் வச்சிருப்பாரு. உடம்பு நேராத்தான் போறோம்னு சத்தியம் பண்ணும், கருவி பாத்தா விமானம் சாஞ்சு சுழல ஆரம்பிச்சிருக்கும். லைசென்ஸ் வாங்கினதுக்கு அப்புறம் ஒரு நாள் தனியா போகும்போது முன்னாடி மேகம் கீழ இறங்கிட்டே வந்துச்சு, இன்னும் கொஞ்சம் போனா இறங்க வேண்டிய இடம் தெரிஞ்சுடும்னு மனசு சொல்லுது, காதுல அந்த ஸ்டாப்வாட்ச் சத்தம்தான் கேட்டுச்சு, திரும்பிட்டேன். அன்னிக்கு சாயங்காலம் சாருக்கு ஃபோன் பண்ணி சொன்னேன், பாராட்டுவாருன்னு நினைச்சேன். "எப்ப முடிவு பண்ணே, எந்த இடத்துல?"ன்னு கேட்டாரு. இன்னும் முன்னாடியே திரும்பியிருக்கலாமான்னு ஒரு மணி நேரம் பேசினோம்.

காத்திருந்தவன்:
கோவம் இருந்தாலும் சொல்லுங்கன்னு எழுதியிருக்கீங்க, அதனால எழுதறேன். என் கூட சேர்ந்த எல்லாரும் சோலோ போனதுக்கு அப்புறமும் என்னை விடல. பயிற்சிக்குக் கட்டின பணம் கரையுது, வீட்ல கடன், அவர் அசையவே இல்ல. காரணம் ஸ்டால், அதாவது இறக்கை விமானத்தைத் தூக்கிப் பிடிக்க முடியாம போறது. வேகம் குறைஞ்சு மூக்கு தொங்கினா நான் யோக்கை இழுத்துடுவேன். இறக்கைக்கும் காத்துக்கும் நடுவுல கோணம் அதிகமானதாலதான் ஸ்டால், அந்தக் கோணத்தைக் குறைக்க முன்னாடி தள்ளணும், இழுத்தா இன்னும் மோசம், இது எனக்கு வாயில நல்லாத் தெரியும், பரீட்சையில எழுதுவேன், ஆனா கை இழுக்கும். அவர் சொன்னது, "உனக்குத் தெரியுது, உன் கைக்கு இன்னும் தெரியல." அப்புறம் சரியாச்சு, கையெழுத்துப் போட்டாரு. ஆனா இப்பவும் சொல்றேன், கடைசி கொஞ்ச நாள் தேவைக்கு அதிகமா என்னை நிறுத்தி வச்சாரு. அந்த நாட்கள்ல என் கை சரியாத்தான் இருந்துச்சு, அவருக்குத்தான் நம்பிக்கை வரல. அது எனக்கு வலிச்சுது, இன்னும் கொஞ்சம் வலிக்குது. அவரை நான் மதிக்கறேன், ரெண்டும் உண்மை.

வலது_சீட்:
காத்திருந்தவன் தம்பி, நான் சார்கிட்ட இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங்குக்கு (பறக்க சொல்லிக் கொடுக்கறதுக்கான தகுதி) படிச்சவன். உங்களுக்கு நடந்தது சரியா தப்பான்னு நான் தீர்ப்பு சொல்லல. ஆனா வலது பக்கம் உக்காந்தா என்ன தெரியும்னு சொல்றேன். ஒரு பையனை சோலோ விடறதுன்னா, அவன் சர்க்யூட் முடிச்சு வர்றவரைக்கும் கீழ நிக்கறதைத் தவிர நம்மால ஒண்ணும் செய்ய முடியாது. ரேடியோவுல வேணா பேசலாம், கை நீட்ட முடியாது. சார் எனக்கு சொல்லிக் கொடுத்தது, மாணவன் நல்லா பண்ற நாளைப் பாத்து கையெழுத்துப் போடாத, ஒரு மோசமான நாள்ல அவன் தப்பைத் தானே கவனிச்சு தானே சரி பண்றானான்னு பாத்துட்டுப் போடுன்னு. உங்களுக்கு ஒருவேளை அந்த மோசமான நாள் வர்றதுக்குத்தான் காத்திருந்தாரோ என்னவோ. இதை அவர் உங்ககிட்ட வாய் விட்டு சொல்லிருக்கணும், அது என் கருத்து. விளக்கம் கொடுக்கறதுல சார் கொஞ்சம் சிக்கனம்தான்.

காத்திருந்தவன்:
அண்ணா, இதை யாரும் எனக்கு சொன்னதில்ல. உண்மையிலேயே ஒரு நாள் பக்கக் காத்துல ரொம்ப கேவலமா வந்து, நானே முடிவு பண்ணி கோ-அரவுண்ட் போனேன். அதுக்கு அடுத்த ஃப்ளைட்லதான் இறங்கிப் போனாரு.

கடைக்குட்டி:
காத்திருந்தவன் அண்ணா, நீங்க எழுதினதுக்குத்தான் நான் முதல்ல நன்றி சொல்லணும். அப்பா வீட்லயும் அப்படித்தான். அண்ணன் கார் ஓட்டக் கத்துக்கிட்டப்ப மாசக்கணக்குல சாவி கொடுக்கல, ஏன்னும் சொல்லல, பெரிய சண்டை, ரெண்டு பேரும் பேசாம கூட இருந்தாங்க. அம்மாதான் நடுவுல நின்னாங்க. இதையும் பேச்சுல சொல்லலாமான்னு அண்ணன்கிட்ட கேட்டேன், சொல்லு, அது அவர்தானேன்னான்.

இப்ப என் மனசுல ஒரு உருவம் வந்திருக்கு. அண்ணன் தாள்ல இருந்து பறக்கும் நேரம் ஒரு வரி, கூடவே ரன்வே அண்ணா கொடுத்த விளக்கம். முட்டி மேல வச்ச கை, மேக்னட்டோ வகுப்பு, டெனரிஃபும் சியூ சிட்டியும், குழந்தையைக் கை மாத்தற முறை, கொடுக்காத கார் சாவி. அம்மா ரெண்டே நிமிஷம் தானும் பேசறேன்னு சொல்லிருக்காங்க.

எல்லார்கிட்டயும் ஒரு வேண்டுகோள். அப்பாவோட லாக்புக் (பறந்த கணக்கு எழுதற புத்தகம்) எங்ககிட்ட இருக்கு, அதுல மாணவர் பேரும் 'சர்க்யூட்'னும்தான் இருக்கு, வேற குறிப்பே இல்ல. ஆனா உங்க லாக்புக்ல, முதல் சோலோவுக்கு அனுமதி கொடுத்த பக்கத்துல, அவர் கையெழுத்து இருக்குமில்ல. வர முடிஞ்சவங்க அதை எடுத்துட்டு வாங்க. ஒரு மேஜையில எல்லாத்தையும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைக்கலாம்னு இருக்கோம். வர முடியாதவங்க ஃபோட்டோ எடுத்து தனிச் செய்தியில அனுப்புங்க, பேரை மறைச்சு அனுப்பினாலும் சரி.

வால்காற்று:
என்னோடது இருக்கு, எடுத்துட்டு வரேன். காலையிலயே வந்துடறேன், நாற்காலி போடறதுக்கு ஆள் வேணும்னா சொல்லும்மா.

இடது_இருக்கை:
அன்னிக்கு எனக்கு ஃப்ளைட் இருந்துச்சு, இன்னொருத்தர்கிட்ட கேட்டு டியூட்டி மாத்திட்டேன். பொண்ணையும் கூட்டிட்டு வரேன், அவளுக்கு சாரைப் பத்தி நிறைய சொல்லிருக்கேன்.

குறடு:
எனக்கு லாக்புக் கிடையாது. அந்த 172ல இருந்து கழட்டின பழைய மேக்னட்டோ ஒண்ணு வகுப்பெடுக்க வச்சிருந்தோம், அது இன்னும் என்கிட்ட இருக்கு. அதைக் கொண்டு வரலாமா?

கடைக்குட்டி:
கண்டிப்பா கொண்டு வாங்க அண்ணா. வரலாறு படிச்ச எங்க அண்ணனுக்கு அது எப்படி வேலை செய்யுதுன்னு நீங்கதான் சொல்லணும், இப்பவே கேட்டுட்டு இருக்கான்.